டீஸ் பண்றாங்கன்னு சொன்னேனே, அப்பா

வேக்ஃபீல்டு, இங்கிலாந்து,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், "வார்டுல என்னை டீஸ் பண்றாங்க" என்று சொன்னதிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லையாம். அம்மா சொன்னாள். தப்பு என்மேல்தான். நம்மூரில் அந்த வார்த்தை 'ஈவ்' சேர்ந்தே காதில் விழும். 1998-ல் அதற்குத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இங்கே அது செல்லச் சீண்டல். வேண்டியவர்களைத்தான் சீண்டுவார்கள். மரியாதையாகப் பேசினால்தான் நான் பயப்பட வேண்டும்.

டீஸ் என்றால் ஆதியில் என்ன தெரியுமா? கம்பளியைப் பிரித்துச் சிக்கெடுப்பது. மில்லில் கார்டிங்கில் நின்றீர்களே, கிட்டத்தட்ட அதே வேலை! இந்த யார்க்‌ஷயர் பக்கமும் ஒரு காலத்தில் கம்பளி மில்களாகத்தான் இருந்தது. டீசல் என்று ஒரு முள்செடி (வண்டிக்கு ஊற்றுவது இல்லை), அதன் காய்ந்த தலையால் துணியைத் தேய்த்து மென்மயிர் எழுப்புவார்கள்.

மற்ற வார்த்தைகளில்தான் நான் விழித்தேன். நம்மூரில் காலை வாரினால் துரோகம். இங்கே 'புல்லிங் யுவர் லெக்' என்று காலை இழுத்தால், சும்மா ஒரு புளுகை நம்பவைக்கிறார்கள். 'வைண்டிங் அப்' என்பது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல், நமக்குச் சுள்ளென்று ஏறும்வரை முறுக்குவது. 'டேக்கிங் த மிக்கி' நம்ம நக்கல். நான் 'வெ-ஜி-ட-பிள்' என்பதை வார்டு சிஸ்டர் அப்படியே சொல்லிக் காட்டுவார். ஆனால் பார்க்கிங் கட்டணம் ஏறியபோதும் அவர் 'டேக்கிங் த மிக்கி' என்றுதான் சொன்னார், முகத்தில் சிரிப்பே இல்லை. 'அநியாயத்துக்கும் ஒரு அளவில்லையா' என்று அர்த்தமாம். 'பேண்டர்' மட்டும் இரண்டு கை ஓசை. திருப்பிக் கொடுக்க வேண்டும். கோயமுத்தூர்க் குசும்பு கைவசம் இருக்கிறது, இங்கிலீஷில் வெளியே வருவதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

நேற்று ஒரு தாத்தா, இந்த ஊரில் இருட்டுக் கொட்டகையில் ருபார்ப் வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிப்பார்கள் என்றார். ருபார்ப் நம்ம புளிச்சகீரைபோலப் புளிக்கும் தண்டு. நானும் விவரமாக, "என் காலை இழுக்காதீங்க" என்றேன். வார்டே சிரித்தது. அத்தனையும் நிஜமாம்! வெளிச்சம் பட்டால் தண்டின் மென்மை போய்விடுமாம். அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார் சிஸ்டர். அது எந்த வகை என்று போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாத்திரையை மறக்காதீர்கள். அம்மாவிடம் இட்லிப்பொடி கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்