அதிபரிடமிருந்து: இரண்டாம் தவணை மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்துவிட்டது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பிள்ளைகள் வலய மட்டம் வரை போனார்கள். தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிறார்கள். நூலகத்துக்குப் புது அலுமாரிகள் வந்திருக்கின்றன. உதவிய எல்லோருக்கும் நன்றி.

தரம் 8 பிள்ளைகளை வரலாற்றுப் பாடத்துக்காகக் கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலுக்கு அழைத்துப் போனதும் இந்தத் தவணையில்தான். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி, 1859இல் முடித்த நடைபாதை அது. 1956 ஜூன் 5ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தலைமையில் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தது இந்தப் புல்லில்தான் என்று ஆசிரியை சொன்னதும், பட்டம் விற்பவரையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் திரும்பி "இங்கேயா டீச்சர்?" என்றார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் திடல் இப்போது நமது பாடசாலையின் காத்திருப்பு அறையாகிவிட்டது.

பாடசாலை 1.30க்கு விடுகிறது. சென்ற மாதம் ஒருநாள் நாலு மணிக்கு மேல் அந்தப் பக்கம் நடந்து போனேன். கடலோர மதிலில் நமது சீருடையில் மூன்று பேர். ஒருவன் தரம் 6. சப்பாத்து இரண்டும் நனைந்து கழுத்தில் தொங்குகிறது, கணிதக் கொப்பியில் இறால் வடை எண்ணெய். "அம்மா இங்கதான் நிக்கச் சொன்னாங்க சேர். இங்க காத்து வருமாம்."

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. கோட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு அலுவலகம் முடியவே நாலேகால் ஆகிறது. வேன் கட்டணமும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. திடலின் நினைவுக்கல்லில், கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக இதைத் தனக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக வார்ட் எழுதிவைத்திருக்கிறார். ஒரு தந்தை அதையே எனக்கு எடுத்துக்காட்டினார். உண்மைதான். ஆனால் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போகச் சொல்லி அதில் எழுதவில்லை.

தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அலை மதிலைத் தாண்டி நடைபாதையில் விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே போகக் காலி வீதியையும் கடக்க வேண்டும். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சீருடையில் ஒரு பிள்ளையை அந்த மதிலில் இனித் தனியாகக் கண்டால், பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன். "வந்துகொண்டே இருக்கிறேன் சேர்" என்ற தொலைபேசிப் பதில் போதாது.

அடுத்த தவணையிலிருந்து பிரதான மண்டபம் 4.45 வரை திறந்திருக்கும். இரண்டு ஆசிரியர்கள் முறைவைத்து நிற்க முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, அதனால் 4.45 என்றால் 4.45தான். யார் வந்து அழைத்துப் போவார் என்ற படிவத்தை முதல் வாரத்துக்குள் நிரப்பி அனுப்புங்கள். அப்புறம், சனி ஞாயிறில் குடும்பமாகத் திடலுக்குப் போய்ப் பட்டம் விடுங்கள், அச்சாறு சாப்பிடுங்கள். அதற்கு அதிபரின் அனுமதி தேவையில்லை.

இந்தத் தவணை முழுவதும் பொறுமையோடு ஒத்துழைத்த உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அன்று அந்தப் பையனின் புத்தகப்பை நனையாமல் தன் வண்டிக்கடியில் வைத்துக் காத்த வடைக்காரருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அதிபர்