காருகுறிச்சியார் வலப்பக்கம் நகர்ந்த கதை

பாளையங்கோட்டை,
ஆடி 9

அன்புள்ள குழாய்க்கு,

நாலு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவாய். திட்டிக்கொள். அம்மா சுகம், முட்டிவலி மட்டும் பழைய பல்லவி. உன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததை மாமா சொன்னார், சந்தோஷம். தென்காசிப் பக்கமெல்லாம் சாரலாம். நமக்கு வழக்கம்போல மண்ணை வாரி அடிக்கிற காற்று மட்டும்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஹெட்போன் வாங்கப் போய் நான் பட்ட பாடு இது. சிரித்துக்கொண்டே படி, ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. இதில் உன் காதும் சேர்த்தி.

ஆடிட்டர் ஆபீசில் என் மேசை இருக்கிற இடம் உனக்குத் தெரியும். தலைக்கு மேல் கடக் கடக்கென்று அந்தக் கிழட்டு மின்விசிறி, எதிரே தந்தி அண்ணாச்சி போனில் உலகச் செய்தி. மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கை ஏற்றியாக வேண்டும். 18, 19 வந்தால் மண்டை காய்ந்துவிடும். காதில் எதையாவது மாட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. ஆயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வீட்டில் கோடு கிழித்தாகிவிட்டது.

முதலில் மகனுடைய பெரிய ப்ளூடூத் ஹெட்போனை இரவல் வாங்கிப் போனேன். காதை முழுசாக மூடுகிற, தோல் மாதிரி மெத்தை வைத்தது. சித்திரை மாதம், பாளையங்கோட்டை வெயில். பத்து நிமிஷத்தில் காது இரண்டும் இட்லிக் கொப்பரையில் வைத்த மாதிரி ஆகிவிட்டது. இதில் சத்தத்தை அடக்குகிற வசதி இருக்கிறது என்று மகன் பீற்றினான். டப்பாவைப் பார்த்தால் 'இஎன்சி' என்று போட்டிருக்கிறது. அது நாம் போன் பேசும்போது எதிராளிக்கு இரைச்சல் போகாமல் தடுக்கிற சமாசாரம். நம் காதுக்குள் வருகிற சத்தத்தை அடக்குவது 'ஏஎன்சி', அது வேறே. அதுவும் மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீரான இரைச்சலைத்தான் நன்றாக அமுக்கும். தந்தி அண்ணாச்சியை அமுக்க உலகத்தில் மெஷின் கிடையாது.

அடுத்து, காதின் மேல் லேசாக உட்காருகிற பஞ்சு வைத்தது. 400 ரூபாய். வியர்க்கவில்லை, கனமில்லை, நல்ல சாமான்தான். ஆனால் உள்ளே கேட்கிறது பாதி வெளியே கசிகிறது. மூன்றாம் நாள் அண்ணாச்சி போனை இறக்கிவிட்டு, "யாரு வீட்டுல கல்யாணம், நாயனச் சத்தம் கேக்கு?" என்றார். மூட்டை கட்டினேன்.

கடைசியில் வண்ணாரப்பேட்டையில் ஒரு செல்போன் கடையில், காது துவாரத்துக்குள் ரப்பர் முனையை நுழைத்துக்கொள்கிற ஒயர் வைத்த இயர்போன் வாங்கினேன். 650 ரூபாய். சார்ஜ் போடுகிற பாடு இல்லை. என் பழைய போனில் இன்னும் அந்த மூன்றரை எம்எம் துவாரம் இருக்கிறது. மின்தடை 16 ஓம் என்று போட்டிருந்தது. மைக்செட்டில் ஆம்ப்ளிக்கு ஓம் பார்த்துக் குழாய் ஸ்பீக்கர் பொருத்தின நமக்கு இது புதுசா? முப்பத்திரண்டுக்குள் இருந்தால் போனே தாராளமாக இழுத்துவிடும்.

நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்தைப் போட்டேன். வேறு யாரைப் போடுவேன்? விடியக்காலம் நம் மைக்செட் அண்ணாச்சி ரிக்கார்டு போட்டு ஊரை எழுப்பினாரே, அதே ஆபேரி ராகம். சும்மா சொல்லக் கூடாது, சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து அவர் என் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். சீவாளியில் மூச்சு ஏறுகிறது கேட்கிறது.

ஆனால் அவர் வலப்பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

1964இலேயே போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர். அந்தக் காலத்துப் பதிவு, மோனோ. இரண்டு பக்கமும் ஒரே ஒலி; மண்டைக்கு நட்டநடுவில்தான் நிற்க வேண்டும். இடப்பக்க முனை தளர்வோ என்று கூடவே கொடுத்திருந்த சின்னது, பெரியது எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ரப்பர் சரியாக அடைக்காவிட்டால் அடிநாதம் ஓடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எதை மாற்றியும் அவர் நகரவில்லை. இடது பக்கம் பழுது என்று முடிவு கட்டி, கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஓட்டைச் சாமானைத் தலையில் கட்டிவிட்டாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அந்தப் பையன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணு போலதான் கேக்கு. எடவலம் மாத்திப் போட்டுப் பாருங்க" என்றான். மாற்றிப் போட்டேன்.

காருகுறிச்சியார் அப்போதும் வலப்பக்கம்தான்.

ஒரு வார்த்தை பேசாமல் கீழே இறங்கிவிட்டேன், மாப்பிள்ளை. பஸ் ஸ்டாப்பில் நின்று ஒவ்வொரு காதாகப் பொத்திப் பொத்திப் பார்த்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஹைகிரவுண்டில் ஒரு காது டாக்டரிடம் போனேன். முதலில் அழுக்கு எடுத்தார். எவ்வளவு என்று எழுதினால் ஊர் முழுக்கச் சொல்லுவாய், எழுத மாட்டேன். எடுத்ததும் காருகுறிச்சியார் முக்கால்வாசி நடுவுக்கு வந்துவிட்டார். ஆனால் பின்னால் தவில் வாசிக்கிறாரே, வலந்தலையில் விரல்கூடு படுகிற அந்த 'ணக்', அது மட்டும் வலப்பக்கமே நின்றது. கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கக் கேட்கப் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த வரைபடத்தில் வலது காதுக் கோடு ஓரளவு சீராகப் போகிறது. இடது காதுக் கோடு 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சு ஒலி வந்ததும் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுகிறது. டாக்டர் அதைப் பார்த்தே, "சின்ன வயசுல பெருஞ்சத்தத்துல வேலை பார்த்தீங்களா?" என்றார். சத்தத்தால் கெட்ட காது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழுமாம்.

மைக்செட்டோடு மூன்று வருஷம். எத்தனை கோயில் கொடை! இரண்டு நாள் ராத்திரி வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் ஓய்கிற வரைக்கும், இடப்பக்க ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டி நான், வலப்பக்கப் பெட்டியோடு ஒட்டி நீ. ஒயரைத் திருடிவிடுவார்கள் என்று அதன்மேலேயே சாய்ந்து தூங்கினோம். காலையில் காது கொய்ங் என்றால் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். நூறு என்றால் வாரத்துக்கு அரைமணிகூடத் தேறாது. நாம் விடிய விடிய உட்கார்ந்தோம். உள்காதில் செத்த உயிரணு மறுபடி முளைக்காதாம், போனது போனதுதான்.

அந்த இயர்போன் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. காதை இறுக்கி அடைப்பதால் மின்விசிறிச் சத்தம் பாதி வெளியிலேயே நின்றுவிடுகிறது. பாதிக்கும் கீழே வைத்தாலே கேட்கிறது. நல்லவேளை, பஞ்சு வைத்ததோடு நின்றிருந்தால் மின்விசிறியோடு போட்டி போட்டு முழுசாகத் திருகியிருப்பேன்.

கடைப் பையனிடம் போன வாரம் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். "மாசத்துக்கு ஒருத்தராவது இப்படி வாராவ அண்ணாச்சி" என்றான். வெட்கத்துக்கு இன்னொரு இயர்போன் வாங்கினேன். அதைத்தான் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். வந்ததும் காருகுறிச்சியாரைப் போட்டு, ஒருமுறை நேராகவும் ஒருமுறை மாற்றியும் மாட்டிப் பார். எந்தப் பக்கம் உட்காருகிறார் என்று உடனே எழுது. உனக்கு இடப்பக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு பயம்.

உன்,
ஆம்ப்ளி