மல்லிகாவுக்கு: மாத்திரையும் பசியும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. கதிருக்குக் கவனக் குறைபாட்டுக்காக (ADHD) மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பா கொடுத்தபடியே திரும்பி வருகிறது, உன் மாமியார் "பிள்ளை இளைச்சுப் போயிட்டான், அந்த மாத்திரையே வேண்டாம்" என்கிறார் என்று எழுதியிருந்தாய். என் மகள் நிலாவுக்கு இதே மாத்திரையை ஆரம்பித்த புதிதில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

அவனுக்கு நிஜமாகவே பசிக்காது, மல்லிகா. அந்த மாத்திரையால் மூளையில் டோபமைன், நாரட்ரினலின் என்ற ரசாயனங்கள் கூடுவதால்தான் கவனம் நிற்கிறது; பசியை அமர்த்துவதும் அவையேதான். இதே வகையைச் சேர்ந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினை, கட்டுப்பாடில்லாமல் அள்ளி அள்ளித் தின்னும் நோய்க்கென்றே அமெரிக்காவில் 2015-ல் பெரியவர்களுக்கு அனுமதித்தார்கள். அப்படியிருக்க, டப்பாவைக் காட்டிப் பிள்ளையைத் திட்டாதே.

நாங்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டோம். காலையில் நெய் தோசை, முட்டை, பால் என்று வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. மதியத்துக்கு இரண்டு வாய் தயிர்சாதம் போதும். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் பார்க்க வேண்டும்! பையைக் கூடக் கழற்றாமல் அடுக்களைக்கு வந்து, ஆறிப்போன சப்பாத்தியைச் சுருட்டி நின்றபடியே தின்பாள். அப்போது பிஸ்கட் கொடுக்காமல் ராத்திரிச் சாப்பாட்டையே போட்டுவிடுவேன். தொட்டதற்கெல்லாம் அழுவதும் அந்த நேரத்தில்தான். வயிறு நிறைந்தால் பாதி அடங்கிவிடும். படுக்கும்முன் பாலும் பழமும்.

தூக்கம் எப்படி என்று நீ எழுதவே இல்லையே. நீண்ட நேரத்துக்கான மாத்திரைகளில் சில 12 மணி நேரம் வரை வேலை செய்யும். காலையில் தாமதமாகக் கொடுத்தால் ராத்திரி விழித்துக்கொண்டு கிடப்பான்.

எடையையும் உயரத்தையும் மட்டும் விடாமல் குறித்து வை. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மருந்தைத் தொடர்ந்து எடுத்த பிள்ளைகள் மூன்று வருடம் கழித்து, எடுக்காதவர்களைவிடச் சுமார் 2 செ.மீ. உயரம் குறைந்திருந்தார்கள். அதனால் மாமியாரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. எடை இறங்கிக்கொண்டே போனால் டாக்டர் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், லீவு நாட்களில் நிறுத்தச் சொன்னாலும் சொல்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம் என்றால் மட்டும் டாக்டரிடம் போக ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது.

நிலா இப்போது ஒரு கதைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தானே படிக்கிறாள். கதிரும் படிப்பான், பார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். அடுத்த தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு, எடை எவ்வளவு, என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
சுமதி