ரயிலேறாத ஆட்டக்காரன்

கார்வாலிஸ், ஆரகன் மாநிலம், அமெரிக்கா

அன்புள்ள சண்முகம்,

மீனாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். சரோஜா பிரசவ மருந்து கிண்டுவதும் பேரனைக் குளிப்பாட்டுவதுமாக மும்முரமாக இருக்கிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னதைக் கேட்டாயா, இல்லை வழக்கம்போல் அவருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தாயா? மதினியைக் கேட்டதாகச் சொல்.

நம் பழைய கால்பந்து அணியின் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தாய். நீ அனுப்பிய ஆட்டக்காரர் பட்டியலையும் பார்த்தேன். அதில் உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, பின்னால் வருகிறேன். இந்த ஊர் அணி ஒன்றின் கதை கொஞ்ச நாளாக என்னைப் போட்டு உலுக்குகிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படியா மாமா" என்றார், அவ்வளவுதான். மைதானத்தில் புரண்டவனுக்குத்தான் இது புரியும். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஆட்டம் இல்லை. கோழிமுட்டை வடிவப் பந்து, தலையில் கவசம், கையில் தூக்கிக்கொண்டு ஓட்டம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். பக்கத்துக்குப் பதினொரு பேர் என்பது மட்டும்தான் நமக்குப் பழக்கமானது. இதைப் போய் ஃபுட்பால் என்கிறார்களே என்று நீ குதிப்பாய். நானும் குதித்தேன். ரெண்டு ஆட்டம் உட்கார்ந்து பார்த்தபின் அடங்கிவிட்டேன்.

நான் சொல்வது 1941. இந்த ஊரில் இருக்கும் ஆரகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அப்போது ஆரகன் ஸ்டேட் காலேஜ் என்று பெயர். பயிற்சியாளர் லான் ஸ்டைனர். அந்த வருஷம் பையன்கள் பசிபிக் கரையோரக் கல்லூரிகளுக்குள் முதலிடம் பிடித்தார்கள். நவம்பர் 29-ல் பக்கத்து ஊரான யூஜீனுக்கே போய், பரம எதிரியான ஆரகன் பல்கலைக்கழகத்தை 12-7 என்று ஜெயித்தார்கள். அந்த வெற்றியோடு கலிபோர்னியாவின் பாசடீனாவில் புத்தாண்டு அன்று நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்தது. கல்லூரி வரலாற்றிலேயே முதல் தடவை! ஊர் என்ன ஆட்டம் போட்டிருக்கும், யோசித்துப் பார்.

எட்டே நாள். டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டது.

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை முழுக்க பீதி. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடினால் எதிரி விமானம் வரும் என்று பயந்து, அந்தப் பகுதி ராணுவத் தளபதி ஜெனரல் டிவிட் பாசடீனாவில் ஆட்டம் வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னார். எல்லாம் போச்சு என்று இருந்தபோது, எதிரணியான டியூக் பல்கலைக்கழகம் "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டது. டியூக் இருப்பது வட கரோலினாவில், டர்ஹாம் என்ற ஊரில். நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு ரயிலில் போக வேண்டும். பையன்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஒருத்தனைத் தவிர.

ஜாக் யோஷிஹாரா என்று பெயர். மூன்று வயதில் தாயோடு ஜப்பானிலிருந்து வந்தவன். போர்ட்லண்டில் வளர்ந்தவன். ஜப்பானில் பிறந்தவர்கள் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கவே முடியாது என்று அன்றைக்குச் சட்டம். அவன் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். பயிற்சி நடந்துகொண்டிருந்த மைதானத்துக்கே எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு ஆட்கள் வந்து அவனைக் கூட்டிப் போனார்கள். ஜப்பானியர் வெளியூர்ப் பயணம் போகக் கூடாது என்றார்கள். வருஷம் முழுக்க இவர்களோடு மழையிலும் சேற்றிலும் விழுந்து எழுந்தவன், மற்றவர்கள் ரயிலேறும்போது ஊரிலேயே நின்றுவிட்டான். சண்முகம், என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. பயிற்சிக்கு வரிசையாக நிற்கும்போது பக்கத்தில் நிற்பவனை எப்படித் தெரியும் நமக்கு! மூச்சு வாங்கும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோமே. அந்தப் பக்கம் திடீரென்று காலியாகிவிட்டால்?

ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ விடமாட்டாய். 1942 ஜனவரி 1. விடாத மழை. பக்கத்துக் கல்லூரிகளில் பெஞ்சுகளைக் கடன் வாங்கிப் போட்டு 56,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். டியூக் அந்த வருஷம் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் ஜெயித்த அணி. இவர்கள் தோற்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டான் டர்டன் பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் முதல் டச் டவுன் போட்டான், நம் ஆட்டத்தில் கோல் மாதிரி. பாதி ஆட்டத்தில் 7-7. பிறகு 14-14. அப்புறம்தான் பாப் டெத்மன் எறிந்த பந்தை ஜீன் கிரே பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். முடிவில் 20-16, ஆரகன் ஸ்டேட் வெற்றி! இங்கே நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும்போதே எனக்குக் கை தட்டத் தோன்றியது.

ஜெயித்த கையோடு அணி கலைந்தது. அன்றைக்கு மழையில் மோதிக்கொண்ட இரண்டு பக்கத்துப் பையன்களும் பட்டாளத்துக்குப் போனார்கள். டியூக்கின் பயிற்சியாளர் வாலஸ் வேட் நாற்பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். ஆரகன் ஸ்டேட்டில் 1943, 1944 இரண்டு வருஷமும் அணியே கிடையாது. ஆட ஆள் இல்லை.

நாலு பேர் திரும்பவில்லை. டியூக்கின் வால்டர் கிரிஃபித், பாப் நானி, ஆல் ஹூவர். இந்த ஊர்ப் பையன் எவரெட் ஸ்மித். பசிபிக் கடலில் உள்ள பெலெலியூ தீவில் கையெறி குண்டு வந்து விழுந்தபோது, கூட இருந்தவர்களைக் காப்பாற்ற ஹூவர் அதன்மேல் தன் உடம்பைப் போட்டுக்கொண்டான். ஜெயிக்க வைத்த பந்தைப் பிடித்தானே ஜீன் கிரே, அவன் விமானியாகப் போரைத் தாண்டி வந்துவிட்டான். போர் முடிந்தபின் ஒரு விமான விபத்தில் இரண்டு கையும் போய்விட்டது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேறு எதையும் படிக்கவில்லை.

இன்னொன்று கேள். 1944, இத்தாலி. டியூக்கில் ஆடிய சார்லஸ் ஹேன்ஸ் குண்டடி பட்டு மலைச்சரிவில் மணிக்கணக்காக ரத்தம் வழியக் கிடந்தான். அவனைத் தேடிப்போய் தூக்கி வந்தவர்களில் ஒருவன் ஃபிராங்க் பார்க்கர். அன்றைய ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்றவன்! ஆரகன் ஸ்டேட்டின் ஸ்டான்லி செக், ஐரோப்பாவில் ஜெர்மானியரோடு நடந்த பல்ஜ் சண்டையின் கடுங்குளிரில் டியூக் பயிற்சியாளர் வேடைச் சந்தித்து, அவரோடு காப்பி பகிர்ந்து குடித்திருக்கிறான். சேவியர்ஸ் பையன்களோடு நாம் மூக்குடைத்துக்கொண்டதும், அடுத்த வாரம் அவர்களோடு உட்கார்ந்து பரோட்டா தின்றதும் உனக்கு ஞாபகம் வரும். எனக்கு வந்தது.

இவர்கள் எல்லாம் நாட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் யோஷிஹாரா எங்கே இருந்தான்? ஐடஹோ மாநிலத்தில், மினிடோகா முகாமில், முள்வேலிக்குள். மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரைப் பிடித்து இப்படி முகாம்களில் அடைத்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். போர்ட்லண்ட் குடும்பங்களை முதலில் மாட்டுக் கண்காட்சிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். மாடு கட்டிய இடத்தில் பலகை போட்டுக் குடும்பத்தைத் தங்க வைப்பது என்ன நியாயம்? போர் என்றால் எதையும் செய்யலாமா?

2008-ல், அன்று படிப்பை விட்டுப் போக வேண்டியிருந்த ஜப்பானிய வம்சாவளி மாணவர்கள் 42 பேருக்கு இந்தப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. யோஷிஹாரா அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த வருஷம் காலமானார். அறுபத்தாறு வருஷம் தாமதம். ஆனாலும் கொடுத்தார்கள். அதற்காக இந்த ஊரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். உன் பட்டியலில் தேவராஜ் ஏன் இல்லை? "ஃபைனலுக்கு மதுரைக்கு வந்தவர்கள் மட்டும்" என்று எழுதியிருக்கிறாய். இதென்ன கணக்கு? ஜூனிலிருந்து ஒரு நாள் தவறாமல் வ.உ.சி. மைதானத்துக்கு நமக்கு முன்னால் வந்து நின்றவன் யார்? அவன் அப்பா படுத்துவிட்டார், கடையைப் பார்க்க ஆளில்லை, அதனால் பஸ் ஏறவில்லை. அவன் இல்லாமல் நீ ரைட் ஹாஃபில் பட்ட பாடு எனக்குத் தெரியும். பேட்டை ஆட்டத்தைக் கிளறவா?

நீ வேண்டுமென்று விட்டிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அச்சுக்குப் போகுமுன் பெயரைச் சேர்த்துவிடு. கடைசியில் ஒட்டாதே, அவன் ஆடிய இடத்தில், ரைட் ஹாஃபில் போடு. கட்டுரை அனுப்புகிறேன், அவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இப்போது அவன் தென்காசிப் பக்கம் இருப்பதாகப் பாண்டி சொன்னான். நம்பர் கிடைத்தால் உடனே அனுப்பு. நான் பேசி அழைக்கிறேன். நீ அழைத்தால் உன் குரலைக் கேட்டதும் வம்புக்கு இழுப்பான்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவோம். சாஸ்தா கோவிலுக்கு உன் வண்டியிலேயே போகலாம், மதினியும் வரட்டும். மலரின் அச்சுச் செலவில் என் பங்கைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், வாங்கிக்கொள்.

அன்புடன்,
கணபதி