அது விடுதலை இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ‘பைக் திருடிய வாலிபர் தண்டனை இன்றி விடுதலை’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். உள்ளே படித்தால், அவர் குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. நன்னடத்தைப் பிணையில் அனுப்பியிருக்கிறார்கள். குற்றவாளி என்று தீர்ந்தவர் எப்படி விடுதலையானார் என்பது உங்கள் உதவி ஆசிரியருக்கே வெளிச்சம்.

1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? மூன்றாம் பிரிவில் கண்டித்து அனுப்புவார்கள். நான்காம் பிரிவில், சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குவார்கள்; அதிகபட்சம் 3 ஆண்டு. கண்காணிப்பு உத்தரவும் சேர்ந்தால், அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. சொன்ன தேதியில் நன்னடத்தை அலுவலர் முன் வந்து நிற்க வேண்டும், வீடு மாறினால் தெரிவிக்க வேண்டும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. மீறினால் முதல் தடவைக்கு 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். பழைய திருட்டுக்கே தண்டனை கொடுத்து உள்ளேயும் அனுப்பலாம். இதற்குப் பெயர் விடுதலையாம்.

நிருபர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பத்திரம் எழுத, அந்த ஆளுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடம் அல்லது வேலை இருக்க வேண்டும். பாலத்தடியில் படுப்பவனுக்கும், கட்டட வேலைக்கு வந்து தகர ஷெட்டில் தங்குபவனுக்கும் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதே பைக், அதே திருட்டு, இவனுக்கு மட்டும் சிறை. 21 வயதுக்குள் இருந்தால் அலுவலரின் அறிக்கையைப் பார்க்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது ஆறாம் பிரிவு. வீட்டுக்குப் போய், வேலை கொடுத்தவரைக் கேட்டு, யார் சொன்னால் பையன் கேட்பான் என்று விசாரித்து எழுத வேண்டிய அறிக்கை அது. போனிலேயே விசாரித்து முடித்தால் எல்லாப் பையனுக்கும் ஒரே பத்திதான் வரும்.

சமூக சேவை செய்யச் சொன்னால் ‘நூதன தண்டனை’ என்று எழுதுவதையும் நீங்கள் விட்டபாடில்லை. சமூக சேவை 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆறு குற்றங்களுக்கு எழுதப்பட்ட தண்டனை. முதல் தடவையாகத் திருடி, பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் அதுதான் தண்டனை. இன்னும் எத்தனை வருஷம் நூதனமாக இருக்கும்? எத்தனை மணி நேரம் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. இங்கிலாந்தில் 40 முதல் 300 மணி நேரம் என்று வரம்பு உண்டு. ஆஸ்பத்திரி வராண்டாவைக் கூட்டச் சொன்னால் துடைப்பம் யார் தருவது, பதிவேட்டில் யார் கையெழுத்திடுவது? பொறுப்பாளர் இல்லாத இடத்தில் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு எட்டு மணி நேரம் என்று எழுதிக்கொள்வார்கள். அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி உண்டா?

2024-இல் புனே கார் விபத்து வழக்கில் சிக்கிய சிறுவனை 300 சொல் கட்டுரை எழுதச் சொன்னது ஜாமீன் நிபந்தனை. ‘இதுவா தண்டனை’ என்று தலையங்கமே எழுதி அங்கலாய்த்தீர்கள். விசாரணையே நடக்காத வழக்கில் தண்டனை எங்கிருந்து வந்தது?

கடைசியாக அந்தப் படம். நன்னடத்தைப் பிணையில் போனவருக்குத் தண்டனை பெற்றவர் என்ற தகுதியிழப்பு வரக் கூடாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களோ அவர் முகத்தை ஊர்ப் பெயரோடு அச்சிட்டிருக்கிறீர்கள். நாளைக்கு வேலை கேட்டுப் போகும் பட்டறையிலும் உங்கள் பத்திரிகை வாங்குவார்கள்.

இரண்டு வரித் திருத்தம் போதும், அதே பக்கத்தில். இணையப் பதிப்பிலிருந்து படத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்,
மதுரை.