ஞாயிற்றுக்கிழமை அவள் போகட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்குத் தேர்வு முடிந்துவிட்டது. முடிவு வரும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாதாம். முட்டி வலிக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், இப்போது படி ஏற முடிகிறது. நீ அனுப்பிய பணத்தில் கூரையைச் சரி பண்ணியாயிற்று. போன வாரம் குளுகோரில் அடித்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "மகன் நல்லா பார்த்துக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு.

நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள்? ஞாயிறு காலையில் எனக்குப் போன் செய்வாள். கொஞ்ச நாளாகச் செய்வதில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானாக அழைத்தபோது எடுத்தாள், சிரித்துத்தான் பேசினாள். பசியாறிவிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள், "அவர் கூப்பிடறார் ஆன்ட்டி, எடுக்கலன்னா கோவிச்சுக்குவார்" என்று வைத்துவிட்டாள். உன் அம்மாவோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பேசியிருக்கலாம். அதற்குக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் போனில் கேட்டால் நீ "ஒன்னும் இல்லம்மா" என்பாய். நானும் சரி என்று கறிக்குழம்பு பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் லிட்டல் இந்தியாவுக்கு வளையல் வாங்கப் போனோம் அல்லவா. கடையில் நான் பச்சை வளையலைக் கையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை என்னைப் படம் எடுத்தாள். ஆசையாக எடுக்கிறாள் என்று நானும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அடுத்த கடையிலும் எடுத்தாள். மாரியம்மன் கோயில் வாசலிலும் எடுத்தாள். எடுத்ததும் உடனே யாருக்கோ அனுப்புவாள், பதில் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்த பிறகு தங்கச்சிதான் சொன்னாள், "அண்ணன் நம்பணும்ல, அதுக்குத்தான் படம்." தம்பி, உன் அம்மாவோடு கடைக்கு வந்த பிள்ளை, உன் அம்மாவோடுதான் வந்தேன் என்பதற்கு என்னையே சாட்சியாக நிறுத்தியிருக்கிறாள். அந்த வளையலை நான் இன்னும் போடவில்லை.

சாப்பிடும்போதும் கவனித்தேன். அவளுக்குப் போன் அடித்தால் முதலில் உன் முகத்தைப் பார்க்கிறாள், அப்புறம்தான் போனைப் பார்க்கிறாள். நீ கை நீட்டினால் கொடுத்துவிடுகிறாள். யார் என்று பார்த்துவிட்டு நீ திருப்பித் தருகிறாய். நீ சத்தம் போடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அவள் தட்டில் மீன் துண்டு வைத்தது நீதான், முள் எடுத்துக் கொடுத்ததும் நீதான். அதையும் பார்த்தேன். அவ்வளவு பாசம் வைத்திருக்கிற பையன் ஏன் அந்தப் போனுக்குக் கை நீட்டுகிறான் என்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

புக்கிட் காசிங் குன்றுக்குக் கூட்டாளிகளோடு ஞாயிறு தோறும் ஏறப் போவாளே, அதையும் விட்டுவிட்டாளாம். அந்தக் கூட்டத்தில் இரண்டு பையன்கள் இருக்கிறார்களாம், நீ வேண்டாம் என்றாயாம். மாலையில் அவள் ஆபிஸ் கீழே காரில் காத்திருக்கிறாய் என்றும் தங்கச்சி சொன்னாள். அண்ணன் எவ்வளவு அன்பு பாரும்மா என்று அவள் பெருமையாகத்தான் சொன்னாள். நாளைக்கு ஒருவன் இவளை அப்படி வைத்தால் அதையும் அன்பு என்றுதானே எடுத்துக்கொள்வாள்? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஈப்போ விஷயத்துக்குப் பிறகு நீ மாறிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அது உனக்கு எவ்வளவு பெரிய அடி என்று என்னைத் தவிர யார் பார்த்தார்கள்? ஆனால் அந்தக் கணக்கை இந்தப் பிள்ளையிடம் வசூலிக்காதே. இவள் உனக்கு ஒன்றும் செய்யவில்லை.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நீ கேட்டதில்லை. இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் 1972-ல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போனோம். ராத்திரி ஷிப்ட் என்றால் ஊர் எப்படிப் பேசும் என்று உனக்குத் தெரியாது. மலாய்க்காரப் பிள்ளைகளை 'மினா காரான்' என்று கேலி செய்வார்கள், நம் ஆட்கள் நம் பிள்ளைகளை அதைவிட மோசமாகச் சொல்வார்கள். எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் ஷிப்ட் இருந்தது. விடிகாலையில் தொழிற்சாலை பஸ் லோரோங் சந்து முனையில் இறக்கிவிடும். "பெண்டாட்டியை ராத்திரியில அனுப்பிட்டு எப்படித் தூங்குறே?" என்று உன் பெரியப்பாவே கேட்டார். அப்பா, "அவ வேலைக்குப் போறா" என்று மட்டும் சொன்னார். என் சம்பளக் கவரை அவர் பிரித்ததில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டதில்லை.

அவருக்குப் பொறாமையே வராது என்று நினைக்காதே. லைனில் ஒரு டெக்னீஷியன் இருந்தார், நன்றாகப் பேசுவார், வீட்டில் அவர் பெயரை நான் அடிக்கடி சொல்லியிருப்பேன் போல. ஒருநாள் அப்பா, "அந்த ஆள் பேரைக் கேட்டா எனக்கு மனசு சங்கடமா இருக்கு" என்றார். அவ்வளவுதான். வேலையை விடச் சொல்லவில்லை, அந்த ஆளோடு பேசாதே என்று சொல்லவில்லை, தொழிற்சாலை கேட்டில் வந்து நிற்கவில்லை. சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அன்று அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அவர் காலமான பிறகும் குறையவில்லை. நீ முகத்தில் அவரைப் போலவே இருக்கிறாய். இதிலும் இருக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

கோயில் மகளிர் கூட்டத்துக்கு ஒரு வழக்கறிஞர் அம்மா வந்து சட்டம் பேசினார். 1994 குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கும் குடும்பத்தாருக்கும்தான், காதலிப்பவர்களுக்கு அதில் இடமில்லை என்றார். 2023-ல் தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்களாம். ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, வேலை இடத்திலும் வீட்டு வாசலிலும் சுற்றிக்கொண்டு நிற்பது, விடாமல் செய்தி அனுப்புவது, இப்படிச் செய்து அவரைப் பயப்பட வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காதலனா, முன்னாள் கணவனா, யாரென்றே தெரியாதவனா என்று சட்டம் பார்க்காது என்றார். சுற்றியிருந்த அக்காமார்கள் யார் யாரையோ நினைத்துத் தலையாட்டினார்கள். எனக்கு அந்த ஆபிஸ் கீழே நிற்கும் கார்தான் கண்ணில் வந்தது. நீ அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைக் கேட்கும்போது பெற்றவளுக்கு உன் முகம் வந்துவிட்டதே, அதை நான் யாரிடம் சொல்வது?

பதிவுத் திருமணம் முடிந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றாய். அடங்காது தம்பி. பதிவு அதிகாரி இரண்டு பேரும் சுயமாகச் சம்மதிக்கிறார்கள் என்று திருப்தி அடைந்தால்தான் கல்யாணத்தை நடத்தலாம், 1976 திருமணச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அன்று அவர் கேட்கும்போது அந்தப் பிள்ளை முதலில் உன் முகத்தைப் பார்த்தால் என் மனம் என்ன பாடுபடும்? இப்படியே இருந்தால் நான் தேதி பார்க்க மாட்டேன். அவள் அப்பா அம்மா முன்னால் போய் உட்காரவும் மாட்டேன்.

நீ கெட்டிக்காரன். படிப்புக்கு நான் ஒரு நாளும் உன்னை விரட்டியதில்லை. அப்பா காலமான வருடம் தங்கச்சி பள்ளிச் செலவை நீயே எடுத்துக்கொண்டாய், எனக்கு ஆபரேஷன் முடிந்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கிப் போனாய். இவ்வளவையும் சுமந்தவனுக்கு, அவள் ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் இருப்பதைச் சுமக்க முடியாதா?

சந்தேகமே வரக்கூடாது என்று சொல்லவில்லை. வந்தால் அவளிடம் வாய்விட்டுச் சொல், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று. அவள் போனைக் கேட்காதே. அந்த லொக்கேஷன் பார்க்கிறாயே, அதை நீயே எடுத்துவிடு, அவள் கேட்கும்வரை காத்திருக்காதே. படம் அனுப்பச் சொல்லாதே. ஆபிஸ் கீழே போய் நிற்காதே. அவள் வரச் சொன்னால் போ. போனை எடுக்காவிட்டால் எடுக்கும்வரை இரு. ஒருவேளை அவளே வேண்டாம் என்று முடிவு பண்ணினால், என் வயிறு எரிந்தாலும் சொல்கிறேன், அவள் வீட்டு வாசலில் போய் நிற்காதே. ரயிலேறி இங்கே வந்துவிடு. நான் இருக்கிறேன். திரும்பவும் சொல்கிறேன், அவள் போனைக் கேட்காதே.

இந்த ஞாயிறு அவள் காசிங் போகட்டும். "நான் அனுமதிக்கிறேன்" என்று சொல்லாதே, அனுமதி கொடுக்க நீ யார்? போயிட்டு வா என்று சொன்னால் போதும். அந்த நேரத்தில் கை பரபரத்தால் எனக்குப் போன் போடு. எத்தனை முறை வேண்டுமானாலும் போடு, நான் எடுப்பேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே. அம்மா சொல்லித்தான் செய்தாய் என்று அவள் நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உன் காருக்கு இன்சூரன்ஸ் கடிதம் இங்கே வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், மறந்துவிடாதே.