கார்த்தி எங்கே தங்குவது?

இடாபாஷி, டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நலம். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெய் கேட்கிறதா, இல்லை வழக்கம்போல அலமாரியில் உட்கார்ந்திருக்கிறதா?

தீபாவளிக்கு முன்னால் நீ அனுப்பிய மெசேஜுக்கு இப்போதுதான் பதில். திட்டுவதென்றால் திட்டிவிடு. இங்கே மொழிப் பள்ளியில் படிக்க வரப்போகிற கார்த்திக்காக, "கார்த்திக்கு ஷேர் ஹவுஸ்ல ரூம் எவ்வளவு ஆகும்டி?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். கல்லூரியிலும் நீ இப்படித்தான், ஒரு வரிக் கேள்வி கேட்டு ராஜம் மேடத்தை முழு பீரியடும் பேச வைப்பாய். போன மாதம் எழுதியிருந்தால் நானும் ஒரு வரியில் "அறுபதாயிரம் யென், தாராளமாக வரட்டும்" என்று முடித்திருப்பேன். இப்போது அப்படி எழுத மனசு வரவில்லை.

எங்கள் வீட்டை மூடுகிறார்கள்.

இதுவும் ஷேர் ஹவுஸ்தான், ஆளுக்கு ஓர் அறை, சமையலறை எல்லாருக்கும் பொது. போன வாரம் வேலை முடிந்து வந்தால் எல்லார் கதவிலும் ஒரு கவர் செருகியிருந்தது. உரிமையாளர் கட்டடத்தை விற்கிறார், இப்போதைய ஒப்பந்தம் முடிந்த பிறகு புதிய ஒப்பந்தம் கிடையாது, மார்ச் கடைசிக்குள் காலி செய்யவும். இங்கே ஏப்ரலில்தான் பள்ளியும் ஆபீஸும் புது வருடம் தொடங்கும். அதனால் ஊரே மார்ச்சில் வீடு மாறும், சாமான் ஏற்றும் வண்டிக்கும் அப்போதுதான் விலை ஏறும். மாடியில் இருக்கும் வியட்நாம் பெண் லின் கடிதத்தைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உனக்குக் கணக்கு சொன்னால்தான் புரியும், சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் 70,000 யென் வாடகைக்குச் சின்னதாக ஒரு தனி வீடு எடுக்கிறாய் என்று வை. ஓர் அறை, அடுப்பு வைக்க ஒரு மூலை, குளியலறை. சாவியை வாங்கும் முன் ஷிகிகின் என்கிற அட்வான்ஸ் ஒரு மாத வாடகை. ரெய்கின் இன்னொரு மாதம், அது வீட்டுக்காரருக்குக் காணிக்கை மாதிரி, திரும்பவே திரும்பாது. தரகருக்கு ஒரு மாத வாடகையும் அதன்மேல் பத்து சதவீத வரியும். ஜாமீன் நிற்கிற கம்பெனிக்குக் குறைந்தது அரை மாதம். பூட்டு மாற்ற, தீ விபத்துக் காப்பீட்டுக்கு, முதல் மாத வாடகை என்று எல்லாம் சேர்த்தால் 3,60,000 யென் வரும். நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம். அடையாறில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்று தெருத்தெருவாகப் புலம்பினோமே, அதுவாவது வெள்ளையடிக்கக் கழித்துக்கொண்டு மீதி கைக்கு வந்தது.

இவ்வளவு கட்டி உள்ளே போனால் விளக்குகூட இருக்காதுடி. விளக்கு, திரைச்சீலை, அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் நாம் வாங்க வேண்டும். காலி செய்யும்போது ஃபிரிட்ஜையும் மெஷினையும் தூக்கிப் போடுவதற்கும் காசு கட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க டோக்கியோவில் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கேட்பார்கள். இது நியாயமா என்று வழக்குப் போய், தொகை மிதமிஞ்சாதவரை செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஷேர் ஹவுஸில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. எனக்கு வாடகை 48,000, கரண்ட், கேஸ், தண்ணீர், நெட் எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 12,000. நுழையும்போது 30,000 டெபாசிட். ஜாமீன் கேட்கவில்லை. கட்டில், மேஜை, ஏசி எல்லாம் இருந்தது. தனி வீட்டோடு ஒப்பிட்டால் மாதத்துக்கு இருபத்தைந்தாயிரம் மிச்சம். ஊரில் வீட்டுக் கடன் கட்டியது அந்த மிச்சத்தில்தான், உனக்குத் தெரியும்.

ஆனால் கவரைப் பிரித்த அன்றிலிருந்து ஒரே யோசனை. அந்த மூன்றரை லட்சம் எதற்காக வாங்குகிறார்கள்? அதில் பாதி அநியாயம், சந்தேகமே இல்லை. மீதியில் ஒன்று இருக்கிறது. சாதாரண வாடகை ஒப்பந்தம் போட்டவரை வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது. இரண்டு வருடம் முடிந்தாலும் நியாயமான காரணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் நீண்டுகொண்டே போகும். ஷேர் ஹவுஸ்களில் பெரும்பாலும் போடுவது 2000ஆம் ஆண்டு வந்த காலவரையறை ஒப்பந்தம். தேதி முடிந்தால் முடிந்ததுதான். ஒரு வருடத்துக்குக் குறைவான ஒப்பந்தமாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லும் கடமைகூடச் சட்டத்தில் கிடையாது. எங்களுடையது ஆறு மாத ஒப்பந்தம், முடிய முடியப் புதிதாகக் கையெழுத்து. மாதாமாதம் மிச்சம் பிடித்த பணம் எல்லாம், இங்கே தொடர்ந்து இருக்கலாம் என்கிற உறுதிக்குக் கொடுக்காமல் விட்ட பணம். தங்குகிற வரை லாபம், கிளம்பச் சொல்லும்போது கையில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, நமக்கு வீடு கொடுப்பது உரிமையாளர் இல்லை, நடுவில் ஒரு நிறுவனம். அவர்களுக்குள் ஏதாவது ஆனாலும் நாம்தான் தெருவுக்கு வருவோம். 'கபோச்சா நோ பாஷா' என்று பெண்களுக்கான ஷேர் ஹவுஸ்கள் டோக்கியோவில் நிறைய இருந்தன. சம்பளக்காரர்கள் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். அதை நடத்திய நிறுவனம் உரிமையாளர்களுக்குத் தருவதாகச் சொன்ன வாடகையைத் தர முடியாமல் 2018இல் விழுந்தது. இங்கே பெரிய செய்தி அது.

சரி, குறை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. இந்த வீட்டில் ஏழு பேருக்கு ஒரு சமையலறை. ஃபிரிட்ஜில் ஆளுக்கு அரைத் தட்டு, டேப்பில் பெயர். சுவர் அட்டை மாதிரி, பக்கத்து அறையில் போன் அதிர்ந்தால்கூடக் கேட்கும். அம்மாவோடு சத்தமாகப் பேச வேண்டுமென்றால் ஷாகுஜி ஆற்றங்கரைக்குப் போய் நடந்துகொண்டே பேசுவேன், ஜனவரிக் குளிரிலும். பெருங்காயத்தை இரண்டு டப்பாவுக்குள் வைத்தும் வாசனை கூடம்வரை போகும். கடுகு தாளித்தால் மேலே புகை அலாரம் கத்தும்.

அதற்கு இதே வீட்டில் இருக்கும் யோஷிகோ சான் கண்டுபிடித்த வழியைக் கேள். நான் எண்ணெயைக் காய வைக்கும்போதே அவர் காகித விசிறியோடு வந்து நாற்காலியில் ஏறி அலாரத்துக்குக் கீழே நிற்பார். கடுகு வெடிக்கத் தொடங்கினால் வீசுவார். கறிவேப்பிலையைப் போடுவதற்கு முன் நான் "இப்போ!" என்று தமிழிலேயே சொல்ல வேண்டும், அப்போது இரண்டு கையாலும் வீசுவார். அவருக்கு 58 வயது. ரசம் சாதம் என்றால் உயிர். எந்தக் குப்பையை எந்தக் கிழமையில் போடுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும், வந்த புதிதில் வார்டு ஆபீஸுக்குக் கூடவே வந்ததும் அவர்தான். ராத்திரி நிலநடுக்கம் வந்தால் எல்லாரும் கூடத்துக்கு ஓடி வருவோம், அவர் தலை எண்ணுவார். தனி வீட்டில் இருந்தால் என் தலையை யார் எண்ணுவார்கள், சொல்.

இப்போது எனக்குத் தூக்கம் போனது என்னை நினைத்து இல்லை செல்வி, அவரை நினைத்து. என் கதை தெரிந்த கதைதான். போன சனிக்கிழமை தரகர் ஒருவர் என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "வெளிநாட்டவர்தான், ஆனால் ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுவார்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் வெறும் "ஆமாம், ஆமாம்". போனை வைத்துவிட்டு எனக்குத் தலை குனிந்து வணங்கினார், அவ்வளவுதான். சட்ட அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்து வருடத்தில் வீடு தேடிய வெளிநாட்டவர்களில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அலைந்து திரிந்து எப்படியாவது ஒன்றைப் பிடித்துவிடுவேன்.

யோஷிகோ சான் இந்த ஊரிலேயே பிறந்தவர். கல்யாணம் ஆகவில்லை, ஒரு கிடங்கில் ஒப்பந்த வேலை. அம்மா போனதிலிருந்து ஜாமீன் போட ஆள் இல்லை. வயதானவர் தனியாக இருந்து வீட்டுக்குள்ளேயே இறந்துபோனால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அதனால் அறுபதை நெருங்கும்போதே கதவு சாத்த ஆரம்பித்துவிடுகிறது. 2023 அரசுக் கணக்குப்படி இந்த நாட்டில் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. தொண்ணூறு லட்சம்! ரசத்துக்கு விசிறி வீசும் ஒரு மனுஷிக்கு ஓர் அறை கிடைக்க மாட்டேன் என்கிறது. எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

யூஆர் என்று அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகள் உண்டு. நம் ஆட்கள் நிறையப் பேர் டோக்கியோவின் நிஷி-கசாயில் இருப்பது அதில்தான். ரெய்கின் இல்லை, தரகு இல்லை, புதுப்பிக்கும் கட்டணம் இல்லை, ஜாமீனும் வேண்டாம். அட்வான்ஸ் இரண்டு மாதம். வெளிநாட்டவர் என்று ஒதுக்குவதும் இல்லை. வருமானம்தான் தடை. தனியாக எடுப்பவருக்கு வாடகை 62,500 யென்னுக்குக் குறைவு என்றால் மாத வருமானம் அதைப்போல் நாலு மடங்கு இருக்க வேண்டும், யோஷிகோ சான் சம்பளம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் உறவில்லாத இரண்டு பேர் சேர்ந்து ஒரே வீட்டை எடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சனிக்கிழமை போய்க் கேட்கப்போகிறோம்.

இதில்தான் உன் புத்தி எனக்கு வேண்டும். நான் இங்கே எத்தனை வருடம் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கு ஒன்று என்றால் நான் கிளம்பிவிடுவேன். அப்போது முழு வாடகையும் அவர் தலையில் விழும், மறுபடி வீடு தேட வேண்டும், அதுவும் அறுபது தாண்டி. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், அவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆசை காட்டிவிட்டுப் போகிறேனோ என்று உறுத்துகிறது. அவரோடு சேர்ந்து வீடு எடுக்கலாமா, வேண்டாமா? நீயே சொல்.

கார்த்திக்கு வருவோம். மொழிப் பள்ளி மாணவன் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025 அக்டோபரிலிருந்து டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென், ஆக நாலு வாரத்துக்கு 1,37,000 சொச்சம். அதில் தனி வீடு நடக்காத காரியம், ஷேர் ஹவுஸுக்கே வரட்டும். ஆனால் அங்கிருந்தே ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்ட வேண்டாம். ஒப்பந்தம் எத்தனை மாதம், முடிந்தால் நீட்டிப்பார்களா என்று எழுத்தில் கேட்கச் சொல். படத்தில் ஜன்னல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல், சிரிக்காதே. ஆபீஸ் கட்டடங்களைப் பலகை வைத்துத் தடுத்து ஜன்னலே இல்லாத அறைகளாக வாடகைக்கு விட்டது 2013இல் வெளியே வந்து, தங்கும் விடுதிக்கான தீப் பாதுகாப்பு விதிகள் இவற்றுக்கும் பொருந்தும் என்று நிலம், போக்குவரத்து அமைச்சகம் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டில் குடியேறிய பதினான்கு நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி பதிய வேண்டும், அந்த வீட்டு முகவரியில் பதியலாமா என்பதையும் கேட்கட்டும். முதல் மாதத்திலிருந்தே ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று அடுத்த வீட்டுக்கு எடுத்து வைக்கட்டும். நல்ல பையன், செய்வான்.

சமைக்கத் தெரியாமல் மட்டும் அனுப்பாதே. வெளியே சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது. ரசமும் பருப்பும் கற்றுக்கொடுத்துவிடு, நீ வைக்கிற மாதிரி இல்லாமல் அத்தை வைக்கிற மாதிரி.

இந்த வாரத்துக்குள் அவனை எனக்குப் போன் பண்ணச் சொல். அங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேண்டாம், இங்கே பதினொன்றரை ஆகிவிடும், சுவர்தான் உனக்குத் தெரியுமே. யோஷிகோ சான் விஷயத்துக்கு மட்டும் நீ எழுத்தில் பதில் போடு, சனிக்கிழமைக்கு முன்னால். ஒரு வரியில் வேண்டாம்.

அன்புடன்,
மலர்